லேத்தைத் தேய்த்தது யார்

படாளத்தில் கோதண்டராமன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்குள் அவர் மனைவி அம்சா கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். போட்டவரும் அவர்தான், காவல் காத்தவரும் அவர்தான். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்பதற்கு மேல் விளக்கம் கிடையாது. மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் லேத் என்னும் கடைசல் மெஷின் ஓட்டியவர், கம்பெனி மூடியதும் அந்தக் கோபத்தையும் ஒரு பழைய லேத்தையும் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கியிருந்தார்.

லேத் காயலான் கடையில் வாங்கியது. அதன் கோளாறுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மா ஓடும். பித்தளையில் புது நட்டு கடைந்து போட்டார். உடைந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குப் பதில் இரும்பில் ஒன்று வெட்டினார். எண்ணெய் டின் தகரத்தை வளைத்து பெல்ட்டுக்கு மூடி செய்தார். குனிந்து பார்க்கக் கண்ணுக்குத் தோதாக, காந்தத்தில் ஒட்டி நிற்கும் விளக்கும் வைத்தார். இதெல்லாம் இரண்டு மாத வேலை. மிச்சம் எட்டு மாதத்தை விழுங்கியது பெட்.

பெட் என்பது கத்தி நகர்ந்து போகிற நீளமான இரும்புப் பாதை. அது தேய்ந்து குழிந்திருந்தால், கடைகிற தண்டு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். பழைய அரம் ஒன்றின் நுனியைத் தீட்டி சுரண்டியாக்கிக்கொண்டார். வளைவே இல்லாத இரும்பு நேர்ப்பட்டையில் நீலச் சாயம் பூசி பெட்டின்மேல் வைத்து எடுப்பார். சாயம் ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் முடியில் பாதியளவு சுரண்டுவார். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். தினம் காலை நாலு மணி நேரம். எட்டு மாதத்தில் பெட் முழுக்க மீன் செதில் மாதிரி பொடிப்பொடியாய்க் கீறல் நிறைந்தது. தெரிந்தவனுக்கு அது தவம். தெரியாதவர் கண்ணுக்கு, பாவம், யாரோ ஆணியால் கிறுக்கிய இரும்பு.

அதற்கான அவசரமும் இருந்தது. மாமல்லபுரம் தொடங்கி சதுரங்கப்பட்டினம் வரைக்கும் ஃபைபர் படகு இன்ஜின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் தீனா. உப்புத் தண்ணீர் தின்ற பம்ப்பு ஷாஃப்ட்டுகள், அதாவது சுழல் தண்டுகள், அவனிடம் மூட்டையாகக் கிடந்தன. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் வந்து ஒரு ஷாஃப்ட் கடைந்து பார்ப்பதாகவும், சரியாக வந்தால் அத்தனை குப்பத்து வேலையும் கோதண்டராமனுக்கே என்றும் சொல்லியிருந்தான். சரிவராவிட்டால் இருக்கவே இருக்கிறது பொத்தேரியில் ஒரு கல்லூரி வாசல். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர் தொப்பியும் விசிலும் எடுத்து வைத்துக்கொண்டு, "விஜயதசமி வரைக்கும்தான் சார் காத்திருப்பேன்" என்றிருந்தார். தொப்பி என்று நினைத்தாலே கோதண்டராமனுக்குத் தலை அரித்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், புதுக் கத்தி நுனி வாங்க அவர் செங்கல்பட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. கொட்டகையைக் கழுவி, மெஷினைத் துடைத்து, பொட்டு வைக்க நேரமில்லை. சட்டம் முதல் முறையாகத் தளர்ந்தது.

"அம்சா, எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வையி."

"நானா? உள்ள போவலாமா?"

"சொன்னத செய்யேன்."

அம்சாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

செங்கல்பட்டுக் கடையில் பூஜைக் கூட்டம். மூன்று பேருக்குப் பின்னால் நின்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"இன்னாங்க, அந்த நீட்டு இரும்பு மேல ஒரே கீறலா கீது. நம்ம ரஞ்சித்து வந்துகீறான். அவன் மிஷினு வெச்சு தேச்சிடலாம்ங்கறான். தேய்க்கட்டுமா?"

ரஞ்சித்குமார் அவள் தம்பி. மதுராந்தகத்தில் கிரில் கேட் அடிக்கிறவன்.

அத்தனையும் அவர் காதில் விழுந்தது. ஒரு சொல் பாக்கியில்லாமல் விழுந்தது. ஆனால் கடைக்காரர் அப்போதுதான் இவர் பக்கம் திரும்பினார்.

"உசுர வாங்காத. தேச்சு பளபளன்னு வையி. போன வையி."

வைத்துவிட்டார்.

கிரில் வேலைக்காரனுக்குப் பளபளப்புதான் வேலை. ரஞ்சித்குமார் ஹேண்ட் கிரைண்டரில் தேய்க்கிற சக்கரத்தை மாட்டி, அக்காள் வீட்டு வேலையாயிற்றே என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஆசையாசையாகத் தேய்த்திருந்தான். கோதண்டராமன் வந்து விளக்கைப் போட்டபோது பெட்டில் அவர் முகம் தெரிந்தது. அதன்மேல் வரிசையாகச் சந்தனம், குங்குமம். ஓரத்தில் சாமந்திச் சரம். அம்சா வாசலில் நின்று புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, "எப்டி கீது?" என்றாள்.

நேர்ப்பட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார். பட்டைக்கு அடியில் வெளிச்சம் தாராளமாக வந்தது; பெட் மறுபடி குழிந்துபோயிருந்தது. கடையில் போனில் கேட்ட அம்சாவின் குரல் மறுபடி கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். நல்லாயிருக்கிறது என்று சொல்ல வாய் வராத மனிதர் என்று அம்சாவே சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள் பூஜை. ஆயுதத்தைத் தொடக் கூடாது. பொரியைக் கொறித்தபடி நாள் முழுக்கக் கொட்டகைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை சரியாக வந்துவிடலாம் என்று நினைத்தார். இருபத்தாறு வருடம் லேத் ஓட்டியவர் அப்படி நினைத்தார் என்றால், மனசு எவ்வளவு பெரிய அயோக்கியன் பாருங்கள்.

விஜயதசமியன்று தீனா வந்தான். ரஞ்சித்குமாரும் தான் பளபளப்பாக்கிய மெஷின் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தான். அம்சா தேங்காய் உடைத்தாள். மெஷின் ஓடியது. தண்டு பார்வைக்கு அழகாகத்தான் வந்தது. தண்டின்மேல் கச்சிதமாக உட்காரவேண்டிய பேரிங் வளையத்தை தீனா பையிலிருந்து எடுத்து ஒரு முனையில் போட்டான். லொடலொடவென்று ஆடியது. மறுமுனையில் போட்டான். நுழையவே இல்லை. கோதண்டராமன் இன்னொரு தண்டு மாட்டினார். அதுவும் அப்படியே. மூன்றாவது மாட்டப் போனபோது தீனா அவர் கையைப் பிடித்தான்.

"வுடு அண்ணாத்த. இத போட்டா பம்ப்பு நடுக்கடல்ல நின்னுடும்." குனிந்து பெட்டைத் தடவினான். "போன வாரம் பாத்தப்ப செதில் செதிலா இருந்துச்சே. யாரு இப்டி பண்ணது?"

பதில் ஒரே சொல். நான்தான். அதைச் சொல்லியிருந்தால் போயிருக்கக்கூடியது ஒரு மணி நேரத்து மானம், அவ்வளவுதான்.

"எம் பொண்டாட்டிதான்," என்றார் கோதண்டராமன். "எட்டு மாச வேலைய ஒரு மத்தியானத்துல நாசம் பண்ணிட்டா. அறிவு கெட்டவ. உள்ள வுட்டது என் தப்பு."

அம்சா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையில் போன் இருந்தது. அதில் பேசுகிறதெல்லாம் தானாகவே பதிவாகும். வாங்கின அன்றைக்கு அப்படி அமைத்துக் கொடுத்தவரே கோதண்டராமன்தான். அம்சா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, உடைத்த தேங்காய் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரஞ்சித்குமார் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

தீனா வேறொரு பட்டறையைப் பார்த்துக்கொண்டான். அந்த எட்டு மாதத்தை மறுபடியும் தோளில் ஏற்ற கோதண்டராமனுக்குத் தெம்பில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டார். பொத்தேரி வாசலில் ஐடி கார்டு பார்த்தார், கார்களுக்குக் கம்பத்தைத் தூக்கினார், இறக்கினார். தூக்கும்போதெல்லாம் கம்பம் கிறீச்சிட்டது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். விடவில்லை.

செய்யூரில் இருக்கும் அவருடைய அக்காள் பெயர் வேண்டா. கல்யாணம், காதுகுத்து எதையும் விடாமல் கதையைக் கொண்டுபோனாள். "எங்க அம்சா தேச்சாளே தேய்ப்பு!" என்று ஆரம்பித்தால் சபை சிரிக்கும். அம்சா பந்தியில் சாம்பார் வாளியோடு நகர்ந்துபோவாள். இலையில் குனிந்திருக்கும் கோதண்டராமனுக்குச் சோறு இறங்காது. இன்றைக்குப் போட்டுக் காட்டிவிடுவாளோ என்று அவள் போன்மேலேயே கண்ணாயிருப்பார். காட்ட மாட்டாள். வீட்டில் வேளாவேளைக்குச் சோறு போட்டாள், யூனிஃபாரம் தேய்த்துக் கொடுத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒன்றும் கேட்பதை விட்டுவிட்டாள். வெறும் வீட்டில் இருப்பதைவிட அது கொடுமையாக இருந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. லேத் துருவேறிக் கிடந்தது. சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, மிக்ஸி, கோதண்டராமனின் விசில். அம்சா கெஞ்சிக் கூப்பிட்டதால் ரஞ்சித்குமார் ஒரு வருடம் கழித்து வந்து ஓரமாக நின்றான். பூஜைக்குச் செய்யூரிலிருந்து வந்திருந்த வேண்டா அவனைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"வாய்யா. இந்த வாட்டி இன்னாத்த தேய்க்கப் போறீங்க அக்காளும் தம்பியும்? விசில தேய்ச்சு வுட்டுடாதீங்க, அந்தச் சோறும் பூடும்."

ரஞ்சித்குமார் குனிந்து செருப்பைத் தேடினான். அவன் கழுத்து சிவந்துபோனதைப் பார்த்ததும் கோதண்டராமனுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"அக்கா, நிறுத்து. அம்சா மேல தப்பு இல்ல. அன்னிக்கு அவ போன் பண்ணி கேட்டா. நான்தான் தேய்க்கச் சொன்னேன். தெரிஞ்சே அவ மேல பழி போட்டேன்."

சொல்லிவிட்டார். வேண்டா அவரையே பார்த்தாள். கண்ணில் மளமளவென்று தண்ணீர் நிறைந்தது.

"பாத்தியாடி அம்சா? நீ பண்ணதுக்கு அவன் தலைய குடுக்கறான். இந்த மாதிரி ஒரு மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, நெசமாதான்கா!" அவர் அம்சா பக்கம் திரும்பினார். "போன்ல கீதே. எடுத்துப் போடு. எல்லாரும் கேக்கட்டும்."

அம்சா கற்பூரத்தை ஏற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"பதினோரு மாசம் வெச்சினு இருந்தேன், நீங்களா சொல்லுவீங்கன்னு," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "போன மாசந்தான் அழிச்சேன்."

"இன்னா சொல்றா?" என்றாள் வேண்டா.

"ஒண்ணும் இல்ல அண்ணி. அதுல ஒண்ணும் இல்ல. கற்பூரம் எரியுது, கும்புடுங்க."

எல்லாரும் கும்பிட்டார்கள். வேண்டா தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, தம்பி கோதண்டராமனின் நெற்றியில் பெரிதாக வைத்துவிட்டாள்.