அன்னபாக்கியத்தின் நெஞ்சும் ஏழடித் தண்ணீரும்

இன்றைக்குக் கோபப்படக் கூடாது, கோபப்பட்டால் தண்ணீர் விதானையார் வீரகத்தியின் வயல் வரம்பு உடைந்துவிடும் என்று அன்னபாக்கியம் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அது வெறும் பயம் அல்ல. துணுக்காய்க்குத் தெற்கே இருந்த மருதோடைக் குடியேற்றத்தில் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டிலிருந்து வாய்க்கால் தண்ணீர் அவளுடைய நெஞ்சின் அடிக்கு ஏற்றபடிதான் ஓடியது. நெஞ்சு படபடத்தால் தண்ணீர் பெருகும். நெஞ்சு ஆறினால், குளத்தின் துருசுக் கதவு திறந்த அளவுக்கே வரும். வீரகத்தியின் வரம்பு அதற்குள் மூன்று தடவை உடைந்திருந்தது. மூன்று நாளும் அவள் புருஷனோடு சண்டை பிடித்த நாட்கள்.

அவளும் புருஷன் ஏரம்புவும் வடமராட்சியிலிருந்து ஐம்பத்துமூன்றில் வந்தவர்கள். சீட்டுக் குலுக்கியதில் அவர்களுக்கு வாய்க்காலின் கடைசிக் காணி விழுந்தது. மாரியில் விதைக்கும் காலபோகத்தை மழை பார்த்துக்கொள்ளும். கோடைச் சிறுபோகத்தில் தண்ணீர் அங்கே வந்து சேர்ந்ததே இல்லை. இரண்டாம் வருடம் அவர்களுடைய ஒரே மகள் கமலாசனி, ஐந்து வயது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டிலுக்குள்ளேயே காய்ச்சலில் இறந்தாள். அன்னபாக்கியம் அழவில்லை. அன்று பின்னேரம் கடைசிக் காணியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, பதினொரு நாள் வற்றாமல் நின்றது. நீர்ப்பாசன ஓவசியர் வந்து குளத்தை அளந்து பார்த்தார். ஓர் அங்குலமும் இறங்கவில்லை. அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார். சனங்கள் ஒரு கிழமை அதைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு களை பிடுங்கப் போனார்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த நாட்களில் அவள் கூரைக்குக் கிடுகு கட்டிக்கொண்டு அமைதியாகத்தான் இருந்தாள். ஆனால் மற்றக் காலங்களில், தண்ணீர் குறைந்தவர்கள் அவளிடம் வரத் தொடங்கினார்கள். கிணற்றடிக்கு வரும் விமலேஸ்வரி வாளியை இறக்க முதலே தொடங்குவாள்.

"அக்கா, ஏரம்பு அண்ணையை நேற்றுக் கள்ளுத் தவறணையில கண்டதெண்டு ஆரோ சொல்லிச்சினம்."

"உன்ர வயல் காயுதோ?"

"ஓம் அக்கா, வெடிச்சுப் போச்சு. கொஞ்சம் கோவியுங்கோவன். உங்கட மாமியையெண்டாலும் ஒருக்கா நினையுங்கோ."

அன்னபாக்கியம் சிரித்துவிடுவாள். சிரிப்புக்கும் கொஞ்சம் தண்ணீர் வந்தது, ஆனால் அது ஒரு பாத்திக்கும் காணாது.

எல்லோரும் விமலேஸ்வரியைப் போல முகத்துக்கு நேரே கேட்கவில்லை. ஐம்பத்தெட்டுச் சிறுபோகத்தில், அவளுடைய தம்பி ஊரில் இறந்துவிட்டான் என்று ஒரு தந்தி வந்தது. மூன்று நாள் எல்லா வாய்க்காலும் கரை புரண்டது. அந்த மூன்று நாளும் அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை, உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. நாலாம் நாள் தம்பி மாம்பழக் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். அப்போது வந்த ஆத்திரத்தில் இன்னும் இரண்டு நாளைக்குத் தண்ணீர் ஓடியது. அந்தப் பொய்த் தந்தியை அடித்தது தண்ணீர் முறை பார்க்கும் விதானையார் வீரகத்திதான். அறுவடை முடிந்ததும் அவர் ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்து முற்றத்தில் நின்றார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வரவில்லை. அவள் பூசணிக்காயை வாங்கிச் சமைத்தாள்.

அடுத்த வருடம் குடத்தோடு பத்து அடி நடந்தால் ஓரிடத்தில் குந்த வேண்டியிருந்தது. பின்னேரங்களில் கால் வீங்கியது. பூவரசங்குளத்துப் பரியாரியார் சிற்றம்பலம் நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டில் கட்டி வந்தார். வாய்க்கால் கரையில் அவளை இருத்தி, பெண்களுக்குப் பார்க்கிறபடி இடது கையில் மூன்று விரல் வைத்து நாடி பிடித்தார். தன்னுடைய மற்றக் கையின் மூன்று விரலைத் தண்ணீருக்குள் விட்டார். வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டிலயும் ஒரே நடைதான். வாதம் கோழி மாதிரிக் கொத்திக் கொத்தி நடக்குது," என்றார். "பிள்ளை, நெஞ்சு ஒரு குளம். அதிலயிருந்து பத்து வாய்க்கால் உடம்புக்குப் போகுதெண்டு சாத்திரம் சொல்லுது. இஞ்ச எத்தினை?"

"பத்துத்தான் ஐயா," என்றான் ஏரம்பு.

"அப்ப சரி. நெஞ்சுக்குள்ள ஓசசு எண்டு எட்டுத் துளி இருக்கு. உயிர் நிக்கிறது அதிலதான். பிள்ளைக்கு ரெண்டு மிச்சம். இன்னொருக்கா அந்தத் தந்தி மாதிரி ஓடினா, தண்ணி வயலுக்குப் போகும், பிள்ளை சுடலைக்குப் போகும்."

குளக்கட்டு மருதமரத்தில் காலைவெயில் படுகிற பக்கமாக உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை உரித்து, காயத்தில் சாணம் பூசினார். அந்தப் பட்டையைப் பாலும் தண்ணீரும் விட்டுக் காய்ச்சி, தண்ணீர் வற்றிப் பால் மட்டும் நிற்கும்போது வடித்து, ஒரு மண்டலம் குடிக்கச் சொன்னார். கருவாடும் பழஞ்சோறும் பகல் நித்திரையும் கூடாது. போகும்போது வண்டிலில் ஏறிய பிறகு இன்னொன்றும் சொன்னார்: "கோபத்தை அடக்கு, பயத்தை அடக்கு. கண்ணீரை மட்டும் அடக்காதை. அடக்கின கண்ணீர் நேரே நெஞ்சுக்குத்தான் போகும்."

மருந்தைக் குடிப்பது சுலபமாக இருந்தது. மற்றதற்குத்தான் அவள் நாட்கணக்காகப் பாடுபட்டாள். அடுப்படியில் இருந்து ஒவ்வொரு கோபத்தையும் எடுத்துப் பார்த்தாள். அவற்றில் முக்கால்வாசி அவளுடையவை அல்ல, யாரோ வயலுக்காகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை. அவற்றை எடுக்காமல் விடலாம் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. பயங்களையும் அப்படியே பார்த்தாள். கடைசியாக அடியில் கமலாசனி இருந்தாள். அவளை எடுத்த அன்று, மா அரித்துக்கொண்டிருந்தபடியே அன்னபாக்கியம் அழுதாள். நாலு வருடத்துக்குப் பிறகு அழுதாள். வாய்க்காலில் ஒன்றும் நடக்கவில்லை. அடக்காத அழுகை கன்னத்தோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு நினைத்த நேரம் அழுதாள், அழுதபடியே சோறு வடித்தாள். கால் வீக்கம் வற்றியது.

அறுபதாம் ஆண்டு பங்குனியில் சிறுபோகக் கூட்டம் கூடியது. குளத்தில் ஏழடித் தண்ணீர். ஏழடி என்றால் மூன்றில் ஒரு பங்கு விதைப்பு, கடைக்காணிகள் சும்மா கிடக்கும், அதுதான் வழமை. அன்று வீரகத்தி எழும்பி, "ஏழடியும் அன்னபாக்கியமும் இருக்கு. முழுக்க விதைப்பம்," என்றார். கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினார்கள். எல்லோரும் கை உயர்த்தினார்கள். முதல் தடவையாகத் தன் காணியில் சிறுபோக நெல்லைக் காணும் ஆசையில் ஏரம்புவும் உயர்த்தினான். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. விமலேஸ்வரி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள், "என்னை எத்தினை அடியெண்டு எழுதினவை?" என்று மட்டும் கேட்டாள். ஏரம்பு தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ஆனியில் குளம் இரண்டரை அடிக்கு இறங்கியது. நெல் கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவம், இன்னும் பத்து நாள் தண்ணீர் வேண்டும். கடைக்காணிகளில் இலை சுருண்டு நுனி வெளுத்தது. ஒரு காலை வீரகத்தி ஏழெட்டுப் பேரோடு வந்தார். அன்னபாக்கியம் முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பொய்த் தந்தி ஒண்டும் இல்லை. நேர கேக்க வந்தனான்," என்றார் அவர். "நூற்றிருபது ஏக்கர். பிள்ளை குட்டியள் இருக்கு."

"பரியாரியார் சொன்னது உங்களுக்குத் தெரியுமெல்லோ, அண்ணை?"

"தெரியும். அவ்வளவு வேண்டாம். கொஞ்சமா ஓடினாக் காணும்."

கோபத்துக்கோ துக்கத்துக்கோ தண்ணீர் கொஞ்சமாக ஓடியதை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை. அவள் மிளகாயைப் பரவிக்கொண்டே இருந்தாள். அப்போது பின்னால் நின்ற ஏரம்பு முன்னுக்கு வந்தான். மகள் இறந்த பிறகு அவன் வாயிலிருந்து அவளுடைய பெயர் வந்ததே இல்லை.

"இஞ்சேரும்," என்றான். "கமலாசனியை ஒருக்கா நினையும். அழாம நினையும்."

ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் வேலிக்கு அப்பால் போகும் வாய்க்காலைத்தான் பார்த்தார்கள். தண்ணீர் அசையவில்லை. அவள் தனக்குள்ளே ஒருமுறை தேடிப் பார்த்தாள். கோபம் இருந்தது, அவன்மேல்தான் இருந்தது, உண்மையாகவே அவளுடையதாக இருந்தது. அதை அங்கேயே இருக்க விட்டுவிட்டு எழும்பிச் சேலையில் கையைத் துடைத்தாள்.

"ஒரு பங்கைக் காயவிட்டா மற்றது தப்பும்," என்றாள். "எங்கட காணியை முதல் விடுங்கோ. மடையை நானே மண் போட்டு அடைச்சு விடுறன். பிள்ளையை நான் நெடுக நினைக்கிறனான். தண்ணிக்கெண்டு நினைக்க மாட்டன்."