பந்திங்காரனுக்குக் கை தட்டியவர்

"அண்ணி, கொள்ளி விஜயன்தான் வைக்கணும். அண்ணன் வாயால சொன்ன வார்த்தை. நான் மாத்த மாட்டேன்."

பாலன் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். குமுதா அவன் முகத்தைப் பார்க்காமல் துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஜரிகை வேட்டி ஒன்று இருந்தது. மகன் பட்டம் வாங்கிய வருடம் எடுத்தது. அது எங்கே போய்த் தொலைந்தது? கைக்கு வந்ததெல்லாம் சிவப்பும் மஞ்சளுமான பந்தாட்டச் சட்டைகள்தான். சிலாங்கூர் குழு வருடா வருடம் சட்டையை மாற்றும், இந்த மனுஷனும் வருடா வருடம் வாங்குவார். கட்டையில் போகும்போது கட்டிக்கொண்டு போக ஒரு வேட்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

"லோகன் வரட்டும், அப்பா மொகத்தப் பாக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா குடம் தூக்கறது என் மவன்தான்."

பாலன் கெட்டவன் இல்லை. அண்ணன் திருச்செல்வம் நேற்று மாலை நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார் என்று கேட்டதிலிருந்து அழுது அழுது கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. நாலு வருடத்துக்கு முந்தைய தீபாவளியன்று, இதே கிள்ளான் வீட்டில், சாப்பாட்டு இலைக்கு முன்னால் திருச்செல்வம் கத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். 'என் பொணத்த அவன் தொடக்கூடாது. கொள்ளி விஜயன் வைக்கட்டும். தம்பி, நீதான் சாட்சி.' சாட்சி இப்போது சாட்சி சொல்கிறது. அதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

லோகன் செய்தது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை. துறைமுகத்தில் அப்பா யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். "சீசன் நடுவுல சட்டய மாத்திட்டு ஓடனவன்" என்று திருச்செல்வம் அவனுக்குப் பெயர் வைத்தார். அந்தத் தீபாவளிக்குப் பிறகு லோகன் இந்த வாசலை மிதிக்கவில்லை. குமுதாதான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அவனோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள்.

இப்போதும் போன் அடித்தது. இன்றைக்குக் குழாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ம்மா, சிரம்பான் கிட்ட வந்துட்டேன். செம ஜாம்மா. லோரி ஒண்ணு கவுந்து கெடக்கு." வெளியே ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. "ம்மா, சித்தப்பா மெசேஜ் போட்டாரு. நான் வரலாமாம்மா?"

"வாடா" என்றாள். ஜரிகை வேட்டி சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பாலன் கையில் கொடுத்துவிட்டு ஹாலுக்குப் போனாள்.

அவரைக் கிடத்திய பெட்டியை ஹாலில், ஜன்னலை ஒட்டி வைத்திருந்தார்கள். குமுதா தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். எதிரே பெரிய நாத்தனார் புஷ்பவல்லி அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஜன்னல் கிரிலுக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டிக் கூடாரம். பிளாஸ்டிக் நாற்காலி, கச்சான் கடலைத் தட்டு, போத்தல் தண்ணீர். ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த மேசையைத் திருச்செல்வத்தின் கூட்டாளிகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்திலிருந்து பழக்கமான ஜெயராஜ், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் முகுந்தன், இன்னும் இரண்டு மூன்று பேர். சாயங்காலமானால் மாமாக் கடை என்கிற டீக்கடையில் ஒரு கிளாஸ் தே தாரேக்கை வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் பந்தாட்டம் பேசுகிற கூட்டம் அது.

"அந்தப் பிரேசில்காரன இப்ப விடறது தப்பு லா" என்றார் ஜெயராஜ். "சீசன் பாதிதான் முடிஞ்சிருக்கு. அதுக்குள்ள எத்தன கோல் அடிச்சிட்டான்!"

"தப்புதான்" என்றார் முகுந்தன்.

"அவனுக்குப் பதிலா வாங்கப் போற பொடியன் முட்டி போனவன்."

"ஆமா, முட்டி போனவன்தான்."

"அப்ப ட்ரான்ஸ்பர் பண்றவனுங்களுக்கு மண்டையில ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்ல."

பேச்சு அங்கேயே படுத்துவிட்டது. ஒருவர் கச்சான் உரித்தார். இன்னொருவர் போனைப் பார்த்தார். ஜெயராஜ் மேசையைத் தட்டினார். "என்னடா இது, எதுக்கெடுத்தாலும் ஆமா ஆமான்னா எப்படி லா பேசறது? செல்வம் இருந்திருந்தா இந்நேரம் 'ஒனக்கு என்ன தெரியும்'னு ஆரம்பிச்சிருப்பான்." யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"எழவு வீட்டுல பந்தாம் பந்து, வெக்கங்கெட்டதுங்க" என்றாள் புஷ்பவல்லி.

குமுதாவுக்குக் கோபம் வரவில்லை. ஒனக்கு என்ன தெரியும். அவள் காதில் அவர் கடைசியாகப் போட்ட வார்த்தையும் அதுதான். நேற்றுச் சாயங்காலம் தே தண்ணியை நீட்டும்போது, "வர்ற தீபாவளிக்காவது லோகனக் கூப்பிடுவோமா? பாவங்க அவன்" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும்?" என்று முறைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பினார். அவள் கோப்பையை எடுக்க வந்தபோது தலை தொங்கியிருந்தது.

வெளியே ஜெயராஜ் விடுவதாக இல்லை. "பந்திங்காரன் மேட்ச் ஞாபகம் இருக்கா? அந்த மழை?"

நாற்காலிகள் எல்லாம் நெருங்கிவந்தன. குமுதாவுக்கும் பந்திங்காரனைத் தெரியும். பந்திங்கிலிருந்து வந்த தமிழ்ப் பையன், சிலாங்கூருக்கு ஓரத்தில் ஆடியவன். பல வருடங்களுக்கு முன்பு சீசன் நடுவில் அவனை வடக்கே ஒரு மாநிலக் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனும் போய்விட்டான். அதே வருடம் அரையிறுதியில் எதிராளியாகத் திரும்பி வந்தான்.

"தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. பந்து உருள மாட்டேங்குது" என்றார் ஜெயராஜ். "கடைசி நிமிஷம். இவன் ஓரத்துலருந்து வர்றான், ஒருத்தன், ரெண்டு பேரு, கீப்பரு, எல்லாரையும் தாண்டி உள்ள போட்டுட்டான். நம்ம கத முடிஞ்சிச்சு. அடிச்சவன் கைய தூக்கல, குதிக்கல. நம்ம ஸ்டாண்டப் பாத்துத் தலைய குனிஞ்சிக்கிட்டு நிக்கறான். நாம எல்லாரும் அவன் ஆத்தா அப்பன் அத்தன பேரையும் இழுத்துத் திட்டறோம். செல்வம் ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு நின்னு கை தட்டறான் லா! சிலாங்கூர் சட்டயப் போட்டுக்கிட்டு!"

"போத்தல் பறந்து வந்துச்சு அவன் மேல" என்றார் முகுந்தன். "நெத்தியில காயம். அப்பவும் நிறுத்தல."

குமுதா தலையை நிமிர்த்தினாள்.

அந்த இரவு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தொப்பலாக நனைந்து வந்தார். நெற்றியில் ரத்தம். பைக் சறுக்கியது என்றார். மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே, "டிவியில பாத்தேங்க. அந்தப் பையன் நல்லாதான் ஆடனான்" என்றாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "நல்லா ஆடனானா? சோறு போட்ட டீமுக்கே எதிரா அடிக்கறவன் மனுஷனா? துரோகி!" பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

அப்படியானால் கை தட்டியது யார்?

"முகுந்தண்ணே" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். முகுந்தன் திடுக்கிட்டு, பேசிய பேச்சுக்குத் திட்டு விழப்போகிறது என்ற முகத்தோடு கிரில் பக்கம் வந்தார்.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. சத்தம் போட்டுட்டோம்."

"அதில்லண்ணே. நெசமாவே அவரு கை தட்டினாரா?"

"என் பக்கத்துல நின்னு தட்டினான்."

குமுதா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். கேட்கலாமா என்று இருந்தது. கேட்டுவிட்டாள். "லோகனப் பத்தி உங்ககிட்ட எப்பனா பேசுவாரா?"

"எப்பனாவா? பேசாத நாள் ஏது?" முகுந்தன் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "ஒரு தடவ ஜெயராஜ், 'அப்பன மதிக்காம ஓடிப்போன பய'ன்னு சொல்லிட்டான். செல்வம் கிளாச தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சான். 'ஒனக்கு என்ன தெரியும்? என் மவன் நல்ல ஆட்டக்காரன். இங்க அவன பெஞ்சுலயே ஒக்கார வச்சிருந்தானுங்க. போனதுதான் சரி. நானா இருந்தாலும் போயிருப்பேன்'னான். அப்புறம் ஒரு வாரம் ஜெயராஜ் மொகத்துல முழிக்கல. ஏன் தங்கச்சி, உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் பட்டை. அந்தப் பட்டைக்குக் கீழே போத்தல் பட்ட தழும்பு. இந்த முகத்தோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். இது யார்?

மாமாக் கடையில் பேசியது நிஜமா, வீட்டில் கத்தியது நிஜமா? கூட்டாளிகள் திட்டினால் தூக்கிப் பேசுவார். அவள் தூக்கிப் பேசினால் திட்டுவார். ரசத்தில் உப்புக் கூட என்று அவள் சொன்னால் போதாது என்பார். பத்துமலைக் கோயிலுக்குப் போகலாம் என்றால் கூட்டம் என்பார். கூட்டமாக இருக்கும், வேண்டாம் என்று பாலன் சொன்னால் வண்டிச் சாவியை எடுத்துவிடுவார். எதிரே யார் உட்கார்ந்தாலும் அவருக்கு எதிர்ப்பக்கம்தான் வேண்டும். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, பெண் குள்ளம், வேண்டாம் என்று மாமியார் சொன்னாராம். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றாராம். அதை நினைத்து நினைத்து வாழ்நாளெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டவள் அவள். அட கடவுளே, அதுவும் அம்மாவிடம் போட்ட வீம்புதானா?

அது எப்படியோ போகட்டும். லோகன் விஷயத்தை அப்படி விட முடியவில்லை. நாலு வருடமும் அவள் அவனுக்காகவே பேசினாள். பாவங்க அவன், சின்னப் பையங்க, ஒரே பிள்ளைங்க. ஒவ்வொரு தடவையும் அவர் இன்னும் ஒரு அடி தள்ளிப் போனார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'அவன் ஒரு நன்றி கெட்டவன், இனிமே இந்த வாசப்படி ஏறக்கூடாது' என்று அவள் திட்டியிருந்தால்? பாவி, எனக்கு அது தோன்றவில்லையே என்று நினைத்தபோதுதான் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. புஷ்பவல்லி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

பண்டாரம் வந்துவிட்டார். சடங்குக்கு வேண்டியதையெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் பரப்பினார். விஜயன் குளித்து, ஈர வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுடுகாட்டில் கொடுத்த நேரம் தப்பிவிடும் என்று வண்டிக்காரர் பாலனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. லோகன் இறங்கினான். கழுத்தில் ராத்திரி வேலைக்குப் போட்ட ஆபீஸ் அட்டை அப்படியே தொங்கியது. கேட் வரைக்கும் வந்தவன் அதற்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் நின்றுவிட்டான். கூடாரத்தில் ஜெயராஜ் மட்டும் எழுந்து நின்றார்.

"கொள்ளி யாரு வைக்கறது?" என்று பண்டாரம் கேட்டார்.

பாலன் விஜயனைக் காட்டக் கையைத் தூக்கினான். ஆனால் எல்லாரும் குமுதாவைத்தான் பார்த்தார்கள். அவர் மனசில் இருந்தது இன்னதென்று சத்தியம் பண்ணச் சொன்னால் அவளால் பண்ண முடியாது.

எழுந்தாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"என்னங்க" என்றாள், கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக. "லோகன் வந்திருக்கான். அவன் வேணாங்க. நீங்க சொன்னதுதான் சரி. அப்பன்னு மதிக்காம ஓடிப்போனவன். நன்றி கெட்டவன். அவன் கை உங்க மேல படக்கூடாது. விஜயனே வைக்கட்டும்."

புஷ்பவல்லி வாயைப் பிளந்தாள். கேட்டில் நின்ற லோகன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைக் குமுதா பார்க்கவில்லை. பார்த்தால் சொன்னது எல்லாம் கலைந்துவிடும். பெட்டிக்குள் குனிந்தபடியே நின்றாள், இவ்வளவு வருடமும் ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டுப் பதிலுக்கு நின்ற மாதிரியே. மேலே விசிறி சுற்றியது.

பிறகு நிமிர்ந்தாள்.

"ஒத்துக்க மாட்டேங்கறாரு, தம்பி."

பாலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிரிலுக்கு அந்தப் பக்கம் ஜெயராஜின் தொண்டையிலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பாலன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தோடு மல்லுக்கு நின்றவன் அவனும்தான். அவனுடைய உதடு கோணிக்கொண்டு போனது.

"ஒத்துக்க மாட்டாரு" என்றான். "எப்பதான் ஒத்துக்கிட்டாரு?"

விஜயன் தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு தானே கேட்டைத் திறக்கப் போனான். கார் நிறுத்துமிடத்து மூலையில் இருந்த குழாயைத் திறந்துவிட்டான். லோகன் கழுத்து அட்டையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தான். முகுந்தன் வந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லோகன் காற்சட்டையோடே குழாயடியில் குந்தித் தலையைக் குனிந்தான். குமுதா ஹாலிலிருந்து அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.