பால்கனியில் இருந்தவர்கள்

நகராட்சித் தலைவியாகப் பல காலம் உழைத்து ஓய்வுபெற்றவருக்கு ஊரே சேர்ந்து பாராட்டு விழா எடுத்தது. தெருத்தெருவாகக் குடிநீர் கொண்டுவந்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘குழாயக்கா’. பழைய நகர மண்டபம் பிதுங்கி வழிந்தது. கீழே இடமில்லாமல் பால்கனியிலும் ஜனம். அங்கே கடைசி மூலையில் அவருடைய மகள், நிறைமாதம், சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போதைய தலைவர் மைக்கில் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தார். கூச்சம் தாங்காமல் குழாயக்கா பார்வையை மேலே திருப்பினார். பால்கனியின் அடியில் ஒரு விரிசல். காரைத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. கைதட்டல் எழுந்ததும் விரிசல் இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தது.

அவர் பார்வை மகள் இருந்த மூலைக்குப் போய்த் திரும்பியது. பக்கத்தில் இருந்த நகராட்சிப் பொறியாளரிடம் கண்ணால் காட்டினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சொல்லிடலாமாக்கா?”

“வேணாம். பதறிப்போய் எல்லாரும் ஒண்ணா எழுந்தாலே இடிஞ்சிடும். நீங்க கதவையெல்லாம் திறந்துவிட்டு, படிக்கட்டுகிட்ட நில்லுங்க.”

குழாயக்கா எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

“தலைவரே, போதும். இன்னும் புகழ்ந்தா நானே நம்பிடுவேன்.”

மண்டபம் சிரித்தது.

“எனக்குக் கண்ணு மங்கல். உங்க முகத்தையெல்லாம் வெளிச்சத்துல பாக்கணும். வெளிய மைதானத்துக்குப் போயிடலாம். பால்கனிக்குக் கீழ இருக்கவங்க முதல்ல பக்கத்துக் கதவு வழியாப் போங்க. மேல இருக்கவங்க, படிக்குப் பக்கத்து வரிசையில இருந்து மெதுவா இறங்குங்க. கைதட்ட வேணாம், தலைவலிக்குது. தண்ணி வரலைன்னு என்னைத் திட்டினவங்களும் வரலாம்.”

கீழே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியேற, மேலே இருந்தவர்கள் வரிசையாக இறங்கினார்கள். ஒருவர் பால்கனி விளிம்பில் நின்று போனில் படம் பிடித்தார்.

“அண்ணே, நான் எங்கயும் ஓடிப்போகல. கீழ வந்து எடுங்க!”

வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே இருந்தார். மூலையில் மகள், ‘என்னம்மா இது?’ என்று கையால் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வரிசையும் இறங்க ஒரு யுகம் ஆனது. காரை இப்போது கட்டியாகவே விழுந்தது.

மகள் கடைசியாகக் கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கினாள். பொறியாளர் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். அதன்பிறகுதான் குழாயக்கா மைக்கைப் போட்டுவிட்டு மேடையின் பின்வாசலுக்கு ஓடினார்.

அவர் மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. பால்கனி மொத்தமாகக் காலி நாற்காலிகள்மேல் விழுந்திருந்தது. கதவுகள் வழியே புழுதி புகையாகக் கிளம்பியது. ஒரு உயிருக்கும் சேதமில்லை. சிரித்துக்கொண்டு வந்தவர்கள் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ விசும்பினார்கள்.

குழாயக்கா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் தம்ளரை நீட்டினார்கள். மகள்தான் அதை வாங்கிப் புகட்டினாள்.

“உனக்கு முன்னாடியே தெரியும்ல? என்னை ஏம்மா முதல்ல கூப்பிடல?”

“உன் பேரைச் சொல்லியிருந்தா அங்கயே அழுதிருப்பேன்டி. ஒருத்தரும் மெதுவா இறங்கியிருக்க மாட்டாங்க.”

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விழாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அருகில் வந்து, கைதட்டாமல், சும்மா நின்றார்கள்.