எந்தப் பக்கம் அடி?

தோட்டத்தில் எண்ணெய்க்காக வெட்டிய செம்பனைக் குலை சேதுவின் தலையில் பட்டபோது காலை பத்தரை மணி. முற்றிப் பழுத்த குலை, முப்பது கிலோவுக்குக் குறையாது. நேராக இறங்கியிருந்தால் மரத்தடியிலேயே முடிந்திருப்பான். மட்டையில் மோதித் தெறித்து, இடது பொட்டில் இடித்துவிட்டுப் போனது. சுருண்டு விழுந்தவன் ஐந்து நிமிடத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்லலா, தண்ணி குடுங்க" என்று சிரிக்கவும் செய்தான். ரத்தம் இல்லை. கூட வேலை செய்தவர்கள் அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் குலை வெட்டும் காட்டுக்குத் திரும்பினார்கள்.

ஆஸ்பத்திரி என்று பெயர்தான். நான்கு கட்டில், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் டிரெஸ்ஸர் கார்த்திகேசு. டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மாத்திரை கொடுப்பதும், கட்டுப் போடுவதும், யாரைக் கோலசிலாங்கூர் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்வதும் கார்த்திகேசுதான்.

நவமணிக்குச் செய்தி வந்தபோது பன்னிரண்டு. சேது அவளுடைய தம்பி. அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது அம்மா இறந்துவிட்டாள்; பன்னிரண்டு வயது நவமணிதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தாள். களைக்கு மருந்தடிக்கும் தோம்பை முதுகிலிருந்து கழற்றிப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிலில் வாந்தி. அவன் கண்ணைத் திறக்காமலே, "தல வெடிக்குதுக்கா" என்றான்.

"ஐயா, வாந்தி எடுத்திருக்கான். கொஞ்சம் வந்து பாருங்கய்யா."

கார்த்திகேசு நாற்காலியைவிட்டு அசையவில்லை. "பனடோல் குடுத்தாச்சு. ராத்திரி குடிச்ச சம்சு இன்னும் இறங்கேல்லை. நித்திரை கொள்ளட்டும்."

"அவன் குடிக்க மாட்டான்யா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

ஒரு மணிக்குச் சேதுவின் பேச்சு நின்றுவிட்டது. நவமணி கன்னத்தில் தட்டினாள். அசையவில்லை. இமைகளை விரலால் விலக்கிப் பார்த்தாள். வலது கண்ணின் கறுமணி மிளகளவு இருந்தது. இடது கண்ணிலோ அது அகன்று விரிந்து, முழியில் பாதியை விழுங்கியிருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் பட்டதும் வலது மணி சுருங்கியது. இடது மணி அப்படியே கிடந்தது.

"ஐயா! ஒரு கண்ணு பெருசா இருக்கு, ஒரு கண்ணு சின்னதா இருக்கு! எந்திரிச்சு வாங்க!"

"சில பேருக்குப் பிறவியிலயே அப்பிடி இருக்கும்."

"இவன வளத்தவ நான். இவன் பிறவி எனக்குத் தெரியாதா? ஒரு தடவ வந்து பாருங்கய்யா!"

அவர் வரவில்லை. மேசைக்கும் கட்டிலுக்கும் எட்டு அடி இருக்கும். அந்த எட்டு அடியை அவர் நடக்கவில்லை. வேன் கேட்டு ஆபீசுக்கு ஓடினாள். டிரெஸ்ஸர் கடிதம் தராமல் வேனை விட முடியாது என்றார் அங்கே கணக்கெழுதும் கிராணி அம்பிகைபாகன். திரும்பி ஓடிவந்து கடிதம் கேட்டாள். "குடிகாரனுக்கு வேனோ?" என்றார் கார்த்திகேசு.

இரண்டேகாலுக்குக் குலை ஏற்றிய லோரி ஒன்று மில்லுக்குப் புறப்பட்டு வந்தது. நவமணி சாலையின் நடுவில் போய் நின்றாள். பிரேக் போட்ட டிரைவர் தங்கராஜு கத்தினான்.

"சாகணுமாக்கா?"

"என் தம்பி சாகுறான். டவுனுக்குப் போ. இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போ."

அவள் முகத்தைப் பார்த்தவன் கீழே குதித்தான். இருவருமாகச் சேதுவை முன்சீட்டில் தூக்கிப் போட்டார்கள். லோரி கம்போங் குவாந்தான் வழியாகக் குலுங்கிக்கொண்டு டவுனை அடைந்தபோது மணி மூன்று. அங்கிருந்த பெண் டாக்டர் இமையைத் தூக்கி விளக்கடித்த மறுகணமே ஆம்புலன்சுக்குக் குரல் கொடுத்தார். பிறகு மலாயில் நவமணியைக் கேட்டார்: "இந்தக் கண் எப்போதிலிருந்து இப்படி?"

"ஒரு மணியிலிருந்து."

"மண்டைக்குள் ரத்தம் கசிந்து மூளையை நெருக்குகிறது. அதன் அடையாளம்தான் இந்தக் கண். இரண்டு மணி நேரம் எங்கே இருந்தீர்கள்?"

அந்தக் கேள்வி நவமணியின் நெஞ்சில் கொள்ளிக்கட்டையாக இறங்கியது.

கோலாலம்பூரில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். சேது பிழைத்தான். ஆனால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே வெகுநேரம் தேடினான். வயது இருபத்தாறு.

தொழிலாளர் சங்கத்தில் புகார் கொடுத்து, மூன்று மாதம் அலைந்த பிறகு விசாரணை வைத்தார்கள். மேனேஜர் முன்னிலையில் அம்பிகைபாகன் கார்த்திகேசு ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகத்தைத் தமிழில் படித்துச் சொன்னார்: பதினொரு மணி, தலையைப் பரிசோதித்தேன், கண்மணிகள் சமம். ஒரு மணி, நோயாளி தூங்குகிறார், கண்மணிகள் சமம்.

நவமணி நிமிர்ந்து கார்த்திகேசுவைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தபடியே எழுதியிருக்கிறான்!

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்று எழுந்தாள். "தலையப் பாத்தீங்கல்ல? எந்தப் பக்கம் அடி?"

கார்த்திகேசு மேனேஜரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "வலது பக்கம்."

நவமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியின் தலைத்துண்டை உருவினாள். ஒட்ட வெட்டிய தலையில் இடது காதுக்கு மேலே குதிரை லாடம் போல ஆபரேஷன் தழும்பு. அம்பிகைபாகன் புத்தகத்தை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டு வாரத்தில் கார்த்திகேசுவுக்கு உலு யாம் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. தண்டனை அவ்வளவுதான். "அதான் தொலஞ்சான்ல, விடுக்கா" என்றான் தங்கராஜு.

"எங்க தொலஞ்சான்? அங்கயும் மனுசனுக்குத் தலை இருக்குல்ல?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நவமணி மூன்று பஸ் மாறி உலு யாம் போனாள். வெயிலில் நடந்து, அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளின் பொதுக்குழாயடியில் நின்ற பெண்களைக் கூப்பிட்டாள். யார் என்ன என்று அவர்கள் கேட்கும் முன்பே ஒருத்தியைக் குழாயடி நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்து, கண்மணி எப்படிச் சுருங்குகிறது என்று காட்டினாள்.

"தலையில அடிபட்டவன் நல்லாப் பேசுனாலும் நம்பாதீங்க. தூங்கவிடாம எழுப்பிப் பாருங்க. தலைவலி, வாந்தின்னா அப்பவே டவுனுக்குக் கொண்டு போங்க. ஒரு கண்மணி பெருசாச்சுன்னா ஒரு நிமிசம்கூட நிக்காதீங்க. டிரெஸ்ஸரக் கேக்காதீங்க. லோரிய மறிங்க."

சாலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாக வந்தது. ஓட்டி வந்தவர் கார்த்திகேசு. அவளை அடையாளம் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். நவமணி குரலை இன்னும் உயர்த்தி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.