எரிந்த விளக்கு

மோட்டார் மறுபடியும் அடைத்துக்கொண்டு நின்றது. கடலோர நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், ஊர்ச் சாக்கடையெல்லாம் வந்து விழும் கிணற்றின் இரும்பு மூடியை வீரமுத்துவும் அவன் மனைவியின் தம்பி அஜித்குமாரும் கடப்பாரையால் நெம்பித் திறந்தார்கள். கடல்காற்றையும் மீறி நாற்றம் முகத்தில் அறைந்தது. இருவரும் வடக்கனந்தல் பக்கம் விவசாயக் கிணறுகளில் தூர் வாரிப் பிழைத்தவர்கள். கிணற்று வேலை என்று சொல்லித்தான் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தார். எந்தக் கிணறு என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்!

"துணிதான் சிக்கிக்கினு கெடக்கும். சட்டுனு எறங்கி இழுத்துப் போடுங்க. ஆபீசருங்க பார்வையிட வராங்க" என்றார் மேற்பார்வையாளர் தமிழழகன்.

அஜித்குமார் சட்டையைக் கழற்றினான். "நான் எறங்குறேன் மாமா."

"இருடா மச்சான், இன்னா அவசரம்? வெளக்கு எறக்காம எந்தக் கெணத்துல எறங்கியிருக்கோம்? உனக்கு ஒண்ணுன்னா உங்கக்கா என்னை வூட்டுக்குள்ள விடுவாளா?"

பாழுங்கிணற்றில் ஆள் இறங்கும் முன் விளக்கை இறக்குவது அவர்கள் வழக்கம். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று; எரிந்தால் இறங்கலாம். வீரமுத்து தகர டப்பாவில் மண்ணெண்ணெய் நனைத்த துணியைத் திணித்து, கம்பியில் கட்டிக் கொளுத்தினான். தமிழழகன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். செல்போனில் யாரிடமோ, "எல்லாம் ரெடிங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அஜித்குமார் விளிம்பில் குப்புறப் படுத்துக் கம்பியை விட்டான்.

"எரியுது மாமா. நல்லாவே எரியுது."

அவ்வளவுதான். தரை அதிர்ந்தது. கிணற்று வாயிலிருந்து நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்து அடங்கியது. தூக்கியெறியப்பட்ட வீரமுத்து எழுந்து ஓடினான். அஜித்குமார் படுத்த இடத்திலேயே கிடந்தான். தலைமுடி இல்லை. புருவம் இல்லை. கையில் கம்பி மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அவன் அக்கா அம்சவள்ளி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். பிணவறை வாசலில் அவள் அழவில்லை. புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"வெளக்கு எறக்கிப் பாத்தியாய்யா?"

"பாத்தேன்டி."

"அணைஞ்சுதா?"

"அணையல. நல்லா எரிஞ்சுது."

"அப்புறம் எப்பிடிய்யா?"

அவனுக்குத் தெரியவில்லை. ஐயோ, எரிந்ததே! உள்ளங்கையில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. பக்கத்தில் தமிழழகன் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நெருப்பு வெச்சது அவனுங்கதாங்க. சாக்கடையில கேஸ் இருக்கும்னு கூடத் தெரியாத ஜனங்க."

மறுநாள் அஜித்குமாரின் பையை எடுக்க வீரமுத்து நிலையத்துக்குப் போனான். கரி படிந்த கிணற்றைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புது ஆள் ஒருவன் விறைப்பாக நின்றான். அவன் கழுத்தில் மஞ்சள் நிறத்தில் சின்னப் பெட்டி ஒன்று தொங்கியது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தமிழழகன் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க அது?" என்றான் வீரமுத்து.

"கேஸ் இருந்தா சொல்லும். பீரோவுல பத்திரமா இருந்துச்சு. ஆபீசருங்க கிட்ட காட்டணும்ல."

ஆபீசர் கார் வாசலில் திரும்பியது. புது ஆளைக் கிணற்று ஓரம் நகர்த்தி நிறுத்தினார் தமிழழகன். பெட்டி சிவப்பாக மின்னிக் கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. நிற்கவேயில்லை.

தமிழழகன் அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"ஏய், இத எப்பிடிடா நிறுத்துறது?"