சுவர் எழுப்பாதவருக்கு மட்டும்

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று சொன்ன மகராசன் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்தவனாக இருக்க மாட்டான். நம் நர்ஸ் நாலு வருஷமாக அந்த ஷிப்ட் பார்க்கிறாள். காலை எட்டரைக்கு வீடு வந்து படுத்தால் பதினேழு ஜன்னல்களும் சேர்ந்து முகத்தில் வெயிலைக் கொட்டும். ஒன்றுக்கும் திரை கிடையாது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே தடுப்பு என்று ஒரு பலகைகூடக் கிடையாது.

ஒரு காலத்தில் அந்த வீடு பொத்தான் தொழிற்சாலை. தெருவிலிருந்த பட்டறைகளெல்லாம் காபிக் கடைகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாறியபோது, ஆர்க்கிடெக்டான அவள் கணவன் மூன்றாவது மாடியை இருவர் பேரிலும் வாங்கி வீடாக்கினான். செங்கல்லைப் பூசவில்லை, இரும்புத் தூணை மறைக்கவில்லை, அறை பிரிக்கவில்லை. பத்திரிகையில் படம் போட்டு ஆஹா ஓஹோ என்று எழுதினார்கள். எழுதியவர்கள் யாரும் அங்கே ஒரு நாள் தூங்கிப் பார்க்கவில்லை.

"அந்தத் தூணுக்குப் பின்னால ஒரே ஒரு சின்ன ரூம், ஒரு கதவு" என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். "சுவர் வச்சா இந்த இடம் செத்துடும்" என்பான். போன மாதம் வார்டில், அரைத் தூக்கத்தில், சிரிஞ்சில் பத்து மடங்கு மருந்தை ஏற்றிவிட்டாள். பக்கத்தில் நின்றவள் கையைப் பிடித்திருக்காவிட்டால் ஓர் உயிர் போயிருக்கும். அதைக் கணவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பான், வீட்டை விடலாம் என்று சொல்ல மாட்டான். அதனால் சண்டை போட்டே விற்க ஒப்புக்கொள்ள வைத்தாள்.

ஒப்புக்கொண்டானே தவிர, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பன் மாதிரி, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்தான். "இங்க ஒரு சுவர் வைக்கலாமா?" என்று எவராவது கேட்டால் போதும், "வேற இடம் பாருங்க" என்று அனுப்பிவிடுவான். ஏழு பேர் அப்படிப் போனார்கள்.

வீடு காட்டும் புரோக்கர் அவனுடைய அக்காதான். நாத்தனார் என்றால் தம்பிக்குத்தான் பரிந்து பேசுவாள் என்பார்கள். இவள் தம்பியை நம்பிப் பிழைப்பு நடக்காது என்று தெரிந்தவள். எட்டாவதாக ஒரு பல் டாக்டர் மனைவியோடு வந்தபோது, நாத்தனாரும் நர்ஸும் சேர்ந்து படிக்கட்டிலேயே அவர்களை நிறுத்தினார்கள்.

"சுவர்ங்கற வார்த்தையே வாயில வரக் கூடாது டாக்டர். வாங்கினப்புறம் கோட்டையே கட்டிக்குங்க" என்றாள் நாத்தனார்.

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்துப் பழகியவருக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை.

"என்ன வெளிச்சம்! என்ன வெளிச்சம்! ஒரு செங்கல்லக்கூட அசைக்க மாட்டோம் சார். இதுல சுவர் வைக்கறவன் மனுஷனா?"

கணவன் முகம் மலர்ந்துபோயிற்று. "கேட்டியா? கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்தான். பிறகு அக்காவிடம் திரும்பினான். "விக்க வேண்டாம்க்கா. சாருக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சது நமக்குப் புரியாம போச்சே. இதை விட்டுட்டு எங்க போறது?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. இருபது மணி நேரமாகக் கண்மூடாத நர்ஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஊசியில பத்து மடங்கு மருந்து ஏத்திட்டேன், தெரியுமா? தூக்கம் இல்லாம! ஒரு உயிரே போயிருக்கும்!"

அவன் அவள் பக்கம் திரும்பினான். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"தூங்க முடியலன்னு நாலு வருஷமா சொல்றேனே! இந்த வீட்ல எந்த மூலையில நின்னு சொன்னாலும் உங்க காதுல விழுமே!"

டாக்டரின் மனைவி மெல்ல வாய் திறந்தாள். "மன்னிச்சுக்குங்க சார், இவர் சொன்னது பொய். எங்களுக்கு ரூம் வேணும். பிள்ளைங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. கதவு இல்லாம எப்படிக் குடும்பம் நடத்தறது?"

அவன் இரும்புத் தூணை ஒரு தரம் தடவிப் பார்த்தான். "சரி, எடுத்துக்குங்க" என்றான் கடைசியில். "ஆனா கண்ட இடத்துல சுவர் வச்சுக் கெடுத்துடாதீங்க. நானே வரைஞ்சு தரேன்."

மேஜைமேல் தாளை விரித்துப் பென்சிலை எடுத்தான். முதல் கோடு தயங்கித்தான் விழுந்தது. பிறகு கை சூடு பிடித்துக்கொண்டது. "இந்தத் தூணுக்குப் பின்னால வச்சா ஹாலுக்கு வெளிச்சம் குறையாது. உள்ள ரூம் நல்லா இருட்டா இருக்கும், சத்தமும் வராது. பகல்லகூட நிம்மதியா தூங்கலாம் சார்." உற்சாகமாகவே வரைந்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இரண்டு அறைகளில் ஒன்று அவள் கேட்ட அதே இடம், அதே அளவு. அழுகை வரும் என்று நினைத்தாள், ஆத்திரம்தான் வந்தது. முன்பின் தெரியாத பல் டாக்டருக்குப் பத்து நிமிஷத்தில் இரண்டு அறை. கட்டிய மனைவிக்கு நாலு வருஷத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"எப்படி இருக்கு, பாரு" என்று அவன் தாளை அவளிடமே நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. நாத்தனாரிடம் திரும்பினாள். "அண்ணி, பத்திரத்துல நான் கையெழுத்துப் போட்டுடறேன். அப்படியே ஒரு சின்ன வீடு பாருங்க. ஒரு ரூம் இருந்தா போதும்."

"ரெண்டு பேருக்கு ஒரு ரூம் எப்படிம்மா பத்தும்?"

"எனக்குன்னுதான் கேட்டேன், அண்ணி."