ஊசி மேலே போனது

பனி உருகி, ரோட்டில் கொட்டிய உப்பை மழை கழுவிக்கொண்டு போன பிறகுதான் எங்கள் நண்பன் சிக்ஸ்டன் தன் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுப்பான். 1966-ஆம் வருடத்துக் கார், கூரையை மடக்கித் திறக்கலாம், கடல் நீலம். அவனிடம் வேறு கார் கிடையாது. குளிர்காலம் முழுக்க முனகிக்கொண்டே பஸ்ஸில் போவான். வசந்தம் வந்ததும் ஹுடிக்ஸ்வால் ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி சுற்றுவான். இந்த வருடம் வெளியே எடுத்த கொஞ்ச நாளிலேயே இஞ்சினில் மிஸ்ஸிங் வந்துவிட்டது.

“நல்லாத்தான் போயிட்டிருக்கு. திடீர்னு மூச்சை நிறுத்துது. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடுது,” என்றான்.

என் கணவன் ரோய்னேவுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் எதையாவது கழற்றாமல் அவனால் இருக்க முடியாது. என் தையல் மெஷினையும் காபி மெஷினையும் விட்டுவிட்டு சிக்ஸ்டனின் காரைக் கழற்றினால் எனக்கும் லாபம்தான். பாயின்ட் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைச் சமையல் மேஜையில் பரப்பி என் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். பழையது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒன்றும் சரியாகவில்லை. வேடிக்கை என்னவென்றால், ரோய்னே தனியாக எடுத்துக்கொண்டு போனால் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது.

“உன்னைப் பார்த்தா அதுக்குப் பயம்டா. பல் டாக்டர் வீட்டு வாசலுக்குப் போனதும் பல் வலி நிக்கும்ல, அந்த மாதிரி,” என்று சிக்ஸ்டன் சிரித்தான்.

“இல்லடா, உனக்கு ஓட்டத் தெரியல. பெயின்ட் டப்பாவைக் கிளறுற மாதிரி கியரைப் போடுற.” சிக்ஸ்டன் பெயின்ட் கடை வைத்திருந்தவன்.

இந்தக் காருக்கு ஒரு பெரிய நாள் காத்திருந்தது. சிக்ஸ்டனின் பேத்தி தூவா ஜூன் மாதம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். படிப்பு முடித்தவர்கள் போடும் வெள்ளைத் தொப்பியோடு அவள் பள்ளியை விட்டு ஓடி வரும்போது, பிர்ச் மரக் கிளைகள் கட்டிய இந்தக் காரில் ஏற்றி, ஊர்வலத்தில் கடைத்தெரு முழுக்க அவளைத் தாத்தாதான் கொண்டுபோக வேண்டும். அவன் மனைவி மாய் உயிரோடு இருந்தபோதே முடிவான விஷயம் அது.

மே மாதத்தில் ரோய்னே ஒரு வேக்குவம் கேஜ் வாங்கி வந்தான். இஞ்சின் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று காட்டும் வட்ட மீட்டர். நான் கேட்காமலேயே காலைச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பாடம் நடத்தினான்.

“ஆக்ஸிலரேட்டர் மிதியை அழுத்தியிருக்கும்போதே இஞ்சின் திணறினா, ஊசி கீழ விழும். அப்ப கோளாறு இஞ்சின்ல. மிதியிலேருந்து காலை எடுத்தா ஊசி சட்டுன்னு மேல ஏறும். புரியுதா கன்னெல்?”

“புரியுது. வெண்ணெயை இப்படித் தள்ளு,” என்றேன்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் துறைமுகத்தில் பழைய கார்க்காரர்கள் கூடும் நாள். அதற்குப் போகிற வழியிலேயே சோதித்துவிடலாம் என்று கிளம்பினோம். சிக்ஸ்டன் ஓட்டினான். இஞ்சினிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ரப்பர் குழாய் இழுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ரோய்னே பக்கத்தில். காபி பிளாஸ்கும் ஏலக்காய் ரொட்டியுமாக நான் பின்னால்.

மர ஆலையைத் தாண்டியதும் நேரான ரோட்டில் கார் சட்டென்று தளர்ந்தது.

ரோய்னேவின் தோள் மேலாக மீட்டரைப் பார்த்தேன். ஊசி மேலே போனது. நிமிர்ந்து கண்ணாடியில் சிக்ஸ்டனைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. உதடு மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது. ரோய்னேவின் கை ஸ்டியரிங்கை நோக்கி நீண்டது. அதற்குள் சிக்ஸ்டன் திரும்பி வந்துவிட்டான். கால் மிதியை அழுத்தியது, கார் கிளம்பியது.

“பார்த்தியா! வந்துச்சா இல்லையா? நான் சொன்னா எவன் நம்புறான்!” என்று ஸ்டியரிங்கைத் தட்டினான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

ரோய்னே மீட்டரைக் கவிழ்த்து வைத்தான். “பார்த்தேன்,” என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “கண்டென்சர்தான்னு நினைக்கிறேன்,” என்றான்.

நான் ஏலக்காய் ரொட்டியை எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ரோய்னே சாப்பிடவில்லை.

“நீ சொல்லியே ஆகணும்,” என்றேன்.

“எப்படிச் சொல்ல? சொன்னா லைசென்ஸ் போகும். கார் போகும். அவனுக்கு வேற என்ன இருக்கு?”

“டாக்டர்கிட்டயாவது போகச் சொல்லு.”

“தூவாவோட நாள் முடியட்டும். அடுத்த நாளே சொல்லிடறேன்.”

நான் வாய் மூடாதவள் என்று ஊருக்கே தெரியும். தபால்காரர் மீசையைக்கூடக் குறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று, சரி, அப்புறம் சொல்லலாம் என்று நானும் தலையாட்டினேன். அதைச் செய்தது நான்தான், ரோய்னே என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ரோய்னே கண்டென்சரை மாற்றினான். நல்லாயிருந்ததைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்லதை மாட்டினான். சிக்ஸ்டன் தினமும் போன் செய்து, “இன்னிக்கும் வரலடா! கெட்டிக்காரன்டா நீ!” என்பான். ரோய்னே போனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வான். ஒருவேளை நாங்கள் தப்பாகப் பார்த்திருப்போமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தூவாவின் நாள் வந்தது. சிக்ஸ்டன் வீட்டு முற்றத்தில் காரின் இரண்டு பக்கமும் பிர்ச் கிளை, நீல மஞ்சள் ரிப்பன். தூவாவின் குழந்தைப் படம் ஒட்டிய பெரிய அட்டை. அது ரோய்னேவின் கையில். சிக்ஸ்டன் மாயின் சாவிக்கொத்தோடு உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். இஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. மறுபடியும். பிடிக்கவில்லை.

“இன்னிக்குன்னு பார்த்தா!” என்று இறங்கி பானெட்டைத் திறந்தான். ரோய்னேவோடு சேர்ந்து இவ்வளவு நாள் கழற்றியவன். கை நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போனது. மூடியை எடுத்தான். உள்ளே ரோட்டர் இல்லை; அது இல்லாமல் கார் கிளம்பாது. தானாகக் கழன்று விழுகிற சாமான் இல்லை அது.

அவன் நிமிர்ந்து ரோய்னேவைப் பார்த்தான். ரோய்னேவின் ஒரு கை கோட்டுப் பாக்கெட்டுக்குள் எதையோ பிடித்திருந்தது.

“கோட்டுப் பாக்கெட்ல இருக்கறதை எடு.”

ரோய்னே எடுத்தான். பழுப்பு நிறத் துண்டு, கட்டைவிரல் அளவு.

“என்னடா விளையாட்டு இது? குழந்தை அங்க காத்திட்டிருக்கா.”

“நீ ஓட்டக் கூடாது சிக்ஸ்டன்.” ரோய்னே அந்தத் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டான். “அன்னிக்கு மீட்டர்ல... ஊசி மேல போச்சு.”

“கீழயா?”

“மேல.”

எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம், அவனுக்கு ஒரே சொல்லில் புரிந்துவிட்டது. குனிந்து தன் வலது ஷூவைப் பார்த்தான். நாளுக்காகப் பாலிஷ் போட்ட ஷூ.

“எனக்குத் தெரியாம நான் காலை எடுக்கறேனா?”

“கொஞ்ச நேரம் நீ இருக்கறதில்ல,” என்றேன் நான். “கண்ணாடியில பார்த்தேன்.”

“அப்ப கண்டென்சர்?”

ரோய்னே பிடித்திருந்த அட்டையில் தூவா பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லைசென்ஸைப் பற்றிக் கத்துவான் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

“அதுக்கப்புறம் எல்லா சனிக்கிழமையும் தூவாவைக் குதிரை லாயத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்,” என்றான் மெதுவாக. “மர லாரி வர்ற ரோடு. என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. உனக்குத் தெரியும்ல, ரோய்னே? சனிக்கிழமை நான் எங்க போவேன்னு தெரியும்ல?”

தெரியும். எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போவார்கள். தூவா கை காட்டுவாள். நானும் சமையலறை ஜன்னலிலிருந்து கை காட்டியிருக்கிறேன்.

சிக்ஸ்டன் ரோட்டரை வாங்கித் தானே பொருத்தினான். சாவியை என் கையில் வைத்தான்.

“நீ ஓட்டு கன்னெல். அவன் பக்கத்துல என்னால இன்னிக்கு உட்கார முடியாது.”

“நானும்தான் சொல்லல,” என்றேன்.

“தெரியும். ஆனா குழந்தைக்கு நேரமாச்சு.”

ரோய்னே அட்டையோடு முற்றத்திலேயே நின்றான். அவனைக் கூப்பிடாமலே ஸ்டார்ட் செய்தேன்.

தூவா வெள்ளைத் தொப்பியோடு ஓடி வந்தாள். “தாத்தா, நீ ஓட்டலயா?” என்று கேட்டதற்கு, “உன்னைப் பார்க்கணும்ல, அதான்,” என்றான். பின் சீட்டில் அவள் ஏறி நின்று பாடினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். கடைத்தெரு, தேவாலயம், துறைமுகம். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் மிதியில் காலை ஒரே சீராக வைத்திருந்தேன். காதை இஞ்சினிலேயே வைத்திருந்தேன்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கும் மிஸ்ஸிங் வந்துவிடாதா, கோளாறு காரில்தான் என்று ஆகிவிடாதா என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். கடைசி வரைக்கும் வரவில்லை.